அம்பு ஒட்டிய செடி

தக்காளி இலையை இரண்டு விரலால் நிமிர்த்திக் கிழக்கு வெளிச்சத்துக்கு நேராகப் பிடிக்கிறார். இலைக்குள் வெள்ளையாக ஒரு கோடு வளைந்து வளைந்து போயிருக்கிறது, எழுதிப் பழகும் கை சிலேட்டில் போட்ட கோடு மாதிரி. புழு உள்ளே புகுந்து தின்றுகொண்டே நடந்த பாதை. சாயிரா பானு தன் இடது மணிக்கட்டில் ஒட்டி வைத்திருக்கும் ஸ்டிக்கர் தாளிலிருந்து ஒரு சிவப்பு அம்பை நகத்தால் கிளப்பி எடுத்து அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் ஒட்டுகிறார். முனை குறையைப் பார்த்தபடி இருக்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்துவிட்டது. விரலால் தள்ளி நேராக்குகிறார். அடுத்த செடி.

காலை ஆறு மணி. எட்டு மணிக்குக் கம்பெனி வேன் தெருமுனைக்கு வந்து ஹாரன் அடித்துவிடும். அதற்குள் மொட்டைமாடியில் இருக்கும் பதினொரு செடிகளையும் அவர் பார்த்தாக வேண்டும். ஓட்டை விழுந்த இலை, சுருண்ட கொழுந்து, அடியில் கறுத்த காய், எல்லாவற்றுக்கும் ஆளுக்கொரு அம்பு. ஏழு மணிக்கு மாடி ஏறிப் பார்த்தால், செடிகளில் சிவப்பாக என்னவோ பூத்திருப்பது போலத் தெரியும்.

நெருப்பெரிச்சலில் ஒரு பனியன் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாகச் செக்கிங் வேலை. தைத்து முடித்த பனியன் டியூப்லைட்டுக்குக் கீழே அவர் முன்னால் வந்து விழும். கழுத்து, தோள், அக்குள், அடிமடிப்பு என்று கை ஓடும். தையல் விட்டிருந்தால், எண்ணெய்க் கறை பட்டிருந்தால், ஊசி ஓட்டை இருந்தால் அந்த இடத்தில் ஒரு அம்பு. சரி செய்கிற டெய்லர் வேலையை முடித்து அந்த அம்பை உரிப்பார். ஒட்டினவர் உரிக்கக் கூடாது. அது செக்கிங் டேபிளின் சட்டம். ஒட்டினவரே உரித்தால் கண்ணுக்கும் கைக்கும் மரியாதை இல்லாமல் போய்விடும் என்பார் பானு.

வீட்டிலும் அதே சட்டம்தான். காலையில் அவர் ஒட்டிவிட்டுப் போன இலைகளைச் சாயங்காலம் கிள்ளி எடுப்பது கணவர் முஸ்தபாவின் வேலை. முஸ்தபா நாள் முழுக்கச் சாயப்பட்டறைக்கும் கம்பெனிகளுக்கும் நடுவே துணி உருளைகளை ஏற்றி லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். வந்ததும் டீயைக் குடித்துவிட்டு மாடி ஏறுவார். "நமக்கு ரெண்டாவது ஷிப்ட்டுங்க. ஆல்டரேசன் செக்சன்" என்று படியில் பார்ப்பவர்களிடம் சொல்லிக்கொண்டே போவார்.

பானுவின் கண்ணை நிறுத்தி வைக்க முடியாது. சொந்தக்காரர் நிக்காஹ்வில் எல்லோரும் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் காலரில் ஒரு தையல் விட்டுப்போயிருப்பதைப் பார்த்து, போய் மாப்பிள்ளையின் அம்மாவிடமே சொல்லிவிட்டார். அந்த அம்மாளுக்கு இன்றைக்கும் இவரோடு பேச்சு வார்த்தை இல்லை. "என்ன பண்றதுங்க? கண்ணுல பட்டுருச்சுன்னா உட முடியாதுங்க" என்பார். ஒரு நாளைக்கு நாலு தடவையாவது இந்த வாக்கியம் அவர் வாயில் வரும்.

அவர்கள் குடியிருக்கும் லைன் வீட்டில் கீழே நான்கு, மேலே நான்கு, மொட்டைமாடியில் சிமென்ட் ஷீட் போட்ட அறை ஒன்று. வீட்டுக்காரர் தங்கவேலு வாரம் ஒருமுறை வந்து செடிகளைச் சுற்றி நடந்து, தரையைக் காலால் தட்டிப் பார்ப்பார்.

"ஏனம்மிணி, இத்தன மண்ணு ஏத்தி வெச்சிருக்கறயே, நாளைக்கு ஒழுகுச்சுன்னா ஆரு வந்து பூசறது?"

"ஒழுகுனா மொதல்ல என்ற ஊட்டுக்குள்ளதானுங்க ஒழுகும். நானே ஓடியாந்து சொல்லிப்போடறனுங்க."

தங்கவேலு செடிகளை இன்னொரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கிளம்புவார். திரும்பும்போது அவர் கையில் ஒரு பை தக்காளி இருக்கும். அடுத்த வாரம் மறுபடியும் காலால் தட்டுவார்.

தக்காளி வளர்ப்பதில் பானுவுக்கென்று சில வழிகள் உண்டு. விதையைத் தாளில் காயவைக்க மாட்டார். பழத்தைப் பிதுக்கி, கம்பெனியிலிருந்து கொண்டுவந்த வெள்ளை வேஸ்ட் துணியில் தேய்த்துவிடுவார். விதை துணியோடு ஒட்டிக்கொண்டு காயும். ஆடிக் காற்று அடங்கியதும் துணியைக் கத்தரித்துத் துண்டு துண்டாக மண்ணில் புதைப்பார். முளை துணியைத் துளைத்துக்கொண்டு வரும். "நயம் காட்டனா இருக்கோணுங்க. பாலியஸ்டர் கலந்திருந்தா மக்காது. தொட்டாலே தெரிஞ்சிருமில்லீங்க." செடி முழங்கால் உயரம் வந்ததும், கழுத்துப்பட்டிக்கு வெட்டி மிஞ்சிய ரிப் துணி நாடாவால் குச்சியோடு எட்டுப் போட்டுக் கட்டுவார். தண்டு பெருக்கப் பெருக்க நாடாவும் இழுத்துக் கொடுக்கும், இறுக்காது.

தண்ணீர்தான் பெரிய விஷயம். நல்ல தண்ணீர் குழாயில் வருவது எட்டு நாளைக்கோ பத்து நாளைக்கோ ஒருமுறை. போர் தண்ணீர் எப்போதும் உண்டு, ஆனால் உப்பு. பானு தொழுகைக்கு ஒளு செய்வது உப்புத் தண்ணீரில். துணி துவைப்பது, பாத்திரம் தேய்ப்பது எல்லாம் அதில்தான். குடத்தில் பிடித்து வைத்த நல்ல தண்ணீரில் பாதி செடிக்குப் போகும். பக்கத்து வீட்டுக் கருத்தம்மா இதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டார். கமுதிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர், அதே கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். "ஏத்தா பானு, மனுசருக்குக் குடிக்கத் தண்ணியில்ல, தக்காளிக்கு மினரல் வாட்டரா?" என்பார். பானு அடுத்த செடிக்கு ஊற்றப் போய்விடுவார். ஏன் செடிக்கு நல்ல தண்ணீர்தான் என்று முஸ்தபாவைத் தவிர அந்த லைன் வீட்டில் தெரிந்த ஒரே ஆளும் கருத்தம்மாதான்.

கதை ஒரு துருப்பிடித்த எண்ணெய் டின்னில் இருக்கிறது. பதினொரு செடிகளில் பத்து பிளாஸ்டிக் பக்கெட்டுகளில் நிற்கின்றன. ஒன்று மட்டும் பதினைந்து லிட்டர் டின்னில், படியேறியதும் முதலில் கண்ணில் படுகிற இடத்தில். அது பிகாஷின் டின்.

ஊரடங்கில் ஊரே நின்றுபோயிருந்த அந்த வருஷம் மாடி அறையில் ஒடிசாப் பையன்கள் நான்கு பேர் இருந்தார்கள். பிகாஷ் பானுவின் கம்பெனியிலேயே கைமடி. டெய்லர் தைத்துத் தள்ளுவதை வாங்கி, பிரித்து, அடுக்கிக் கொடுக்கிற வேலை. நூல் மிஷினும் தையல் மிஷினும் ஓயாத ஊரில் திடீரென்று ஒரு சத்தமும் இல்லை. மைனா கத்துவது மூன்று தெரு தாண்டிக் கேட்டது. நோன்பு மாதம். பானு கஞ்சி காய்ச்சி ஒரு தூக்குவாளி நிறைய மாடிக்கு அனுப்புவார். கழுவிய தூக்குவாளி வெறுமனே திரும்பி வராது. தக்காளியை அடுப்புத் தணலில் கருக்கி, பூண்டும் பச்சைமிளகாயும் கடுகெண்ணெயும் விட்டுப் பிசைந்ததை அடியில் வைத்து அனுப்புவான் பிகாஷ். முதல் நாள் கடுகெண்ணெய் வாசத்தில் முஸ்தபாவுக்குத் தும்மல் நிற்கவில்லை. மூன்றாம் நாள் தூக்குவாளி ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். சாயங்காலங்களில் எல்லோரும் மாடியில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருப்பார்கள். வேலை இல்லை, வேன் இல்லை, மணி பார்க்க வேண்டியதில்லை. மேற்கே ஆகாயம் நிறம் மாறுவதை, பெயரே தெரியாத அத்தனை நிறங்களை, துணியில் அல்லாமல் முதல்முறையாகப் பார்த்தேன் என்று பானு இன்றும் சொல்வார். பயம்தான் அப்போது ஊர் முழுக்க. ஆனால் நினைக்கும்போது பயம் எங்கோ கழன்று போய், கருக்கிய தக்காளி வாசம் மட்டும் மிஞ்சி நிற்கிறது.

அந்த மாடியில்தான் டின்னில் பிகாஷின் செடி நின்றது. பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போனபோது அவன் அம்மா மடித்துக் கொடுத்த விதை. அவன் மொழியில் தக்காளிக்குச் சீமைக் கத்தரிக்காய் என்று பொருள்படும் பெயராம். "எங்க ஊட்டு டமாட்டர் வேறங்க அக்கா. நல்லாப் புளிக்கும். இந்தக் கடைத் தக்காளி சும்மா தண்ணி" என்பான். மே மாதக் கடைசியில் நான்கைந்து பூ வைத்திருந்தது. பெருநாள் முடிந்த மூன்றாம் நாள் ரயில் விடுகிறார்கள் என்று செய்தி வந்தது. கிளம்ப அரை மணி நேரம். பிகாஷ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, டின்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கி வந்து பானுவின் வாசலில் வைத்தான்.

"அக்கா, பாத்துக்கோங்க. ரெண்டு மாசம். வந்துருவேங்க."

"போயிட்டு வா கண்ணு. காய் புடிச்சா போட்டோ அனுப்பறன்."

அந்த வாரம் நல்ல தண்ணீர் வரவில்லை. வெயிலோ அப்படி. பானு போர் தண்ணீரை ஊற்றினார், காலை ஒரு சொம்பு, மாலை ஒரு சொம்பு. அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது என்று கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தெரியும். செடிக்கும் அது ஆகாது என்று ஏனோ தோன்றவில்லை. மூன்றாம் நாள் இலையோரம் கருகியது. வெயில் தாங்கவில்லை போல என்று இன்னும் இரண்டு சொம்பு ஊற்றினார். ஒன்பதாம் நாள் செடி நின்ற வாக்கிலேயே காய்ந்திருந்தது. மண்மேல் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது.

பத்தாம் நாள் பிகாஷ் போன் செய்தான். ஊர் சேர்ந்ததும் அவனைப் பள்ளிக்கூடத்தில் தனியாக அடைத்து வைத்திருக்கிறார்களாம். மற்றவர்கள் நலம் கேட்டு முடித்ததும், "அக்கா, செடி?" என்றான்.

பானு டின்னைப் பார்த்தார். காய்ந்ததைப் பிடுங்கிப் போட்டது போக மண்தான் இருந்தது.

"ஜம்முனு இருக்குது கண்ணு."

அடுத்த நாள் தள்ளுவண்டியில் வந்த நாட்டுத் தக்காளியில் நன்றாகப் பழுத்த ஒன்றை வாங்கி, அதே டின்னில் பிதுக்கிவிட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் கண்ணில் பட்டும் அம்பு ஒட்டாமல் விட்ட குறை அது ஒன்றுதான்.

இரண்டு மாதம் இரண்டு வருஷமாகி, ஐந்து வருஷமாயிற்று. பிகாஷ் சூரத் பக்கம் வேலைக்குப் போய்விட்டான். மாதம் ஒரு போன் வரும். "நம்ம செடி எப்படிங்க அக்கா?" பூ விட்டதைச் சொல்வார், காய் பிடித்ததைச் சொல்வார், விதை எடுத்துத் துணியில் ஒட்டியதைச் சொல்வார். எல்லாம் உண்மை, அந்த ஒன்றைத் தவிர. போட்டோ மட்டும் அனுப்பியதில்லை. "என்ற போன்ல கேமரா மங்கிப்போச்சு கண்ணு." ஒரு செடி பத்தாகி, பதினொன்றாகி, மாடி நிறைந்தது. நல்ல தண்ணீர் மட்டும்தான். பட்ட கடனை அடைப்பவர் மாதிரி ஊற்றினார்.

போன புரட்டாசியில் ஒரு மத்தியானம். ஞாயிற்றுக்கிழமை. பூ விடும் சமயத்தில் பானு செய்கிற ஒரு வேலை பார்க்க வேடிக்கையாக இருக்கும். மாடியில் வண்டும் தேனீயும் குறைவு. பூ உதிராமல் காயாக வேண்டுமென்றால் அதை அசைத்துவிட வேண்டும். போனை வைப்ரேசனில் போட்டுப் பூங்கொத்தின் காம்பில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, கீழே இருக்கும் முஸ்தபாவிடம் "அடிங்க!" என்று கத்துவார். அவர் மிஸ்டு கால் கொடுப்பார். போன் உறுமும். பூ நடுங்கி, மஞ்சளாக ஒரு துளி தூள் உதிரும். அன்றைக்கு டின் செடியின் பூவில் போனைச் சாய்த்து வைத்திருந்தபோது, "அடிங்க" என்று சொல்வதற்கு முன்பே அது உறுமியது. பிகாஷ்.

"அக்கா, அவிநாசிபாளையம் பக்கம் கம்பெனில வேலை கெடைச்சிருக்குங்க. கார்த்திகைல வரேன். மொத ஞாயித்துக்கெழம உங்க ஊட்லதான் சோறு. டமாட்டர் வெச்சிருங்க, நம்மளுது."

அன்று இரவு பானு சாப்பிடவில்லை. மறுநாள் டிபன் நேரத்தில் கருத்தம்மாவிடம் வந்து நின்றார்.

"சொல்லித் தொலைக்க வேண்டியதுதானத்தா. செடிதான செத்துச்சு, மனுசனா செத்தான்?"

"சொல்றதுக்கு வாய் வல்லீங்க. ஒரு பீசுல ஒரு ஓட்டைன்னா அடைச்சரலாம். அஞ்சு வருசமுங்க. ஒவ்வொரு போனுக்கும் ஒரு பொய். பீசு பூராவும் ஓட்டைங்க."

"அப்பச் சொல்லாத. தக்காளி தக்காளிதான். அவனுக்கு என்ன தெரியும்?"

"அவனுக்குத் தெரியாதுங்க. எனக்குத் தெரியுமில்லீங்க."

கருத்தம்மா சோற்றை வாயில் வைத்துக்கொண்டே சிரித்தார். "ஊர் பூராக் குத்தம் கண்டுபிடிச்சு அம்பு ஒட்டுறவ. ஒன் நெத்தியில ஒண்ணு ஒட்டிக்கிட்டு நில்லு, அவனே புரிஞ்சுக்குவான்."

ஐப்பசியில் மழை அடித்து ஊற்றியது. பானு கம்பெனியில் பெர்மிஷன் போட்டு ஓடிவந்து, டின்னுக்கு மேல் பாலித்தீன் ஷீட்டை இழுத்துக் கட்டினார். மற்ற பத்தில் காய்கள் வெடித்தன. அவற்றைப் பற்றிக் கவலைப்படவில்லை. டின் செடியில் ஒன்பது காய். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பழுக்க வேண்டும் என்றும் இருந்தது, பழுக்காமலே போய்விட்டால் நல்லது என்றும் இருந்தது. ஐந்து பழுத்தன.

அந்த ஞாயிறு காலையில், வழக்கம்போல மணிக்கட்டில் ஸ்டிக்கர் தாளோடு மாடி ஏறினார். எல்லாச் செடிகளையும் பார்த்தார். கடைசியாக டின்னின் முன்னால் உட்கார்ந்து, துருவேறிய விளிம்பில் மண்ணைப் பார்த்தபடி ஒரு அம்பு ஒட்டினார். பிகாஷ் கைமடியாக இருந்தவன். அம்பைப் பார்த்தால் என்ன என்று கேட்காமல் இருக்க மாட்டான். கேட்டால் சொல்லிவிடலாம். கேட்காத கேள்விக்குத்தான் அவருக்கு வாய் வரவில்லை.

பிகாஷ் பதினொரு மணிக்கு வந்தான். கொஞ்சம் தொப்பை போட்டிருந்தது. "வாங்கங்க அக்கா, நல்லாருக்கீங்களாங்க" என்று வாசலில் நின்று இவனே வரவேற்றான். முஸ்தபா சிரித்துவிட்டார். "ஒரம்பரைக்கு வந்தவன் நீயா நாங்களாடா?" செருப்பைக்கூடக் கழற்றாமல் இரண்டிரண்டு படியாக மாடிக்கு ஓடினான்.

செடிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தான். பிறகு டின்னின் முன்னால் குனிந்து, இலைகளை விலக்கினான். சிவந்து தொங்கிய பழங்களைத் தாண்டிக் கை உள்ளே போயிற்று. பாதி மஞ்சளாகத் திரும்பியிருந்த ஒரு காயைப் பறித்தான்.

"அது இன்னும் பழுக்கல கண்ணு," என்றார் பானு. "செவக்கோணும். இதப் பறிச்சுக்கோ."

பிகாஷ் கையிலிருந்த காயைப் பார்த்தான். பானுவைப் பார்த்தான்.

"ஆமாங்க அக்கா. மறந்தே போச்சு," என்று சிவந்த பழங்களைப் பறித்துக்கொண்டான்.

பானுவின் அடுப்பில் அவனே கருக்கினான். பையிலிருந்து சின்னப் பாட்டிலில் கடுகெண்ணெய் எடுத்தான். முஸ்தபா ஒரு தும்மல் போட்டு வரவேற்றார். சோற்றில் பிசைந்து முதல் உருண்டையை வாயில் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டான்.

"எங்க அம்மா கை மாதிரியே இருக்குங்க."

வாசல் படியில் உட்கார்ந்திருந்த கருத்தம்மா பானுவைப் பார்த்தார். பானு தட்டைப் பார்த்தார்.

"கண்ணு, உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும்..."

"அப்பறம் சொல்லுங்க அக்கா. இன்னுங்கொஞ்சம் சோறு."

சாப்பிட்டதும் கை கழுவ மாடிக் குழாய்க்குப் போனான். பானு பின்னாலேயே போனார். குழாயைத் திறக்கப் போனவன் நின்றான். டின்னின் விளிம்பில், வந்தபோது கண்ணில் படாத அம்பு. குனிந்து, முனை காட்டுகிற இடத்தை உற்றுப் பார்த்தான். துரு. மண். செடி. நிமிர்ந்து பானுவைப் பார்த்தான். இப்போது கேட்பான் என்று அவர் முந்தானையை இழுத்துத் தலையில் சரி செய்துகொண்டார். அவன் கேட்கவில்லை. எண்ணெய் பட்ட கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, அந்த அம்பை நகத்தால் கிளப்பி உரித்தான். சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டான்.

"பாஸுங்க அக்கா."

போகும்போது விதை ஒட்டிய வெள்ளைத் துணியில் ஒரு சதுரம் வெட்டித் தரச் சொல்லி வாங்கிப் போனான். அவன் துருவைப் பார்த்துத்தான் அப்படிச் சொன்னான், அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று பானு நினைத்துக்கொண்டிருக்கிறார். இந்த ஆடியில் கட்டாயம் சொல்லிவிட வேண்டும் என்றும் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

தை பிறந்ததும் கருத்தம்மா பிகாஷ் வேலை பார்க்கும் கம்பெனிக்கே மாறிப் போனார். ஒருநாள் டீ நேரத்தில் அவன் போனில் ஊரிலிருந்து வந்த படத்தைக் காட்டினானாம். அவன் அம்மா வீட்டு முற்றத்தில் ஒரு மூங்கில் முறம், அது நிறையத் தக்காளி. இதைக் கருத்தம்மா சொல்லித்தான் தெரியும். வாயில் எதுவும் தங்காது என்று பெயரெடுத்தவர், பானுவிடம் மட்டும் இன்றுவரை இதைச் சொல்லவில்லை.

"ஏன்டா தம்பி, எல்லாம் மஞ்சளா இருக்கு? பழுக்காமயே பறிச்சுப்புட்டாகளா?" என்று இவர் கேட்டிருக்கிறார்.

"பழுத்ததுதாங்க அக்கா," என்றானாம் பிகாஷ். "எங்க ஊட்டு டமாட்டர் செவக்காதுங்க."